பாட்டுக்கு உரியவன் யார்?

பெருநிறுவனம் ஒன்றின் முத்திரை விழுந்தால்தான் பாட்டு பாட்டாகும் என்றும், தன் கைப்பொருளைச் செலவிட்டு இசைத்தொகுப்பு வெளியிடுவோன் எவராலும் ஏற்கப்படாத இரண்டாந்தரக் கலைஞன் என்றும் கருதுவோர் உளர். அத்தொகுப்பை அவனே ஊர் ஊராகச் சுமந்து சென்று விற்பானாயின், 'கலையைக் கூவி விற்கிறான்' என முகஞ்சுளிப்போரும் உளர். கற்றோரிடையேயும் இக்கருத்து வேரூன்றி நிற்பது வருந்தத்தக்கது. இது கலையின்மீது கொண்ட மதிப்பால் விளைந்ததன்று. வாயிற்காவலனையே வீட்டுக்குரியவன் என மயங்கியதால் விளைந்தது. அமெரிக்க நாட்டின் 'கண்ட்ரி' இசை வரலாறு இம்மயக்கத்தைத் தெளிவிக்க வல்லது.

'கண்ட்ரி' என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களின் மலைவாழ் மக்களும் உழவரும் பாடிய பாட்டினின்று கிளைத்த இசை. 1927ஆம் ஆண்டு சூலைத் திங்களின் இறுதியில், விக்டர் நிறுவனத்தின் சார்பில் ரால்ஃப் பியர் என்பார், டென்னசி, விர்ஜினியா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் அமைந்த பிரிஸ்டல் நகருக்கு ஒலிப்பதிவுக் கருவிகளுடன் வந்து சேர்ந்தார். கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ரோஜர்சும் தம் முதற்பாடல்களைப் பதிவு செய்தது அங்கேதான். பாடியோர்க்குப் பாட்டொன்றுக்கு 50 டாலரும் விற்பனையில் சிறு பங்கும் கிடைத்தன. பியரோ நிறுவனத்திடம் பெருஞ்சம்பளம் கேட்டாரல்லர். பாடல்களின் பதிப்புரிமையையே கேட்டுப் பெற்றார். செல்வம் எங்கே விளையும் என்பதை அவர் அறிந்திருந்தார்; பாடியோர் அறிந்திலர்.

அன்று தொடங்கிய கணக்கை உற்று நோக்குக. ஒவ்வோர் ஒலிப்பதிவிலும் இருவேறு உடைமைகள் உள. ஒன்று, சொல்லும் மெட்டும் சேர்ந்த பாடல்; மற்றொன்று, அப்பாடலைப் பாடிப் பதித்த மூலப்பதிவு. பெருநிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யும் பாடகனுக்கு முன்பணம் தரப்படுகிறது. அது பரிசன்று; அவன் வருவாயிலிருந்து கழிக்கப்படும் கடன். பதிவுக்கூட வாடகை, துணையிசைஞர் ஊதியம் முதலிய செலவுகளும் அவன் பங்கிலிருந்தே ஈடுசெய்யப்படும். அவை முற்றும் தீர்ந்த பின்னரே அவன் கைக்குக் காசு வரும். அதன் பின்னும், வழக்கமான ஒப்பந்தங்களில் மூலப்பதிவு நிறுவனத்துக்கே உரியதாக நிற்கும். தவணை முழுதும் கட்டி முடித்த பின்னும் வீட்டுப் பத்திரம் கடன் கொடுத்தவன் பெயரிலேயே இருக்குமாயின், அதனை முறையென்று எவரேனும் ஒப்புவரோ? வீட்டில் ஒப்பாத ஒன்றைப் பாட்டில் மட்டும் பெருமையென்று போற்றுவது எங்ஙனம்?

தன்னுரிமைக் கலைஞன் இக்கணக்கைத் தலைகீழாக்குகிறான். பதிவுச் செலவை அவனே ஏற்கிறான்; இழப்பு நேரின் அதுவும் அவனுடையதே. ஆனால், தானே இயற்றிய பாடலும் அவனது. தன் பொருளில் பதித்த மூலப்பதிவும் அவனது. பத்தாண்டு கழித்து ஒருவர் அப்பாட்டைத் தேடி வாங்கினும் அதன் பயன் அவனையே சேரும்.

'நிறுவனமும் வானொலியும் நல்லதைத் தேர்ந்து அல்லதைத் தள்ளும் சல்லடைகள் அல்லவோ?' என்று வினவலாம். 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டம், நாடு முழுவதிலும் ஒரு நிறுவனம் இத்தனை வானொலி நிலையங்களையே உடைமையாகக் கொள்ளலாம் என்றிருந்த வரம்பை நீக்கியது. சில ஆண்டுகளுக்குள் கிளியர் சேனல் என்னும் ஒரே நிறுவனம் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்களைத் தன்வயப்படுத்தியது. செவிகள் கோடியாயினும் பாட்டைத் தேர்வோர் சிலரேயாயினர். சிலர் கையில் சிக்கிய சல்லடையில் தங்குவது தரமன்று; அவர்தம் வணிகத்துக்கு முன்பே பழகிப்போன ஒன்றே தங்கும்.

சான்று வேண்டுவோர் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆரன் வாட்சனைக் காண்க. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பெருநிறுவனத் துணையின்றி ஆட்டக்கூடங்களிலும் சிற்றூர் மேடைகளிலும் பாடி, கேட்போரை ஒவ்வொருவராகச் சேர்த்தவர் அவர். 2015 பிப்ரவரியில் அவர் தாமே வெளியிட்ட 'தி அண்டர்டாக்' முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 26,000 படிகள் விற்று, பில்போர்டு இதழின் கண்ட்ரி தொகுப்புப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. தாமே வெளியிட்டுத் தாமே பரப்பிய ஆண் பாடகர் ஒருவர் இவ்வாறு நுழைந்தது அதுவே முதன்முறை. தோற்பான் எனப் பிறர் முடிவு கட்டியவன் என்பது அத்தலைப்பின் பொருள். கெண்டகியில் பிறந்த ஸ்டர்ஜில் சிம்சன் 2014இல் வெளியிட்ட தொகுப்போ ஏறத்தாழ 4,000 டாலர் செலவில், ஒரு வாரத்துக்குள் பதிவு செய்யப்பட்டது. அதுவும் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. சல்லடை இவர்களைத் தேர்ந்ததா? இல்லை. மக்கள் தேர்ந்தனர்.

இனி, தன் பாட்டைத் தானே விளம்பரம் செய்தல் இழிவு என்பார்க்கு ஒரு வினா. 1925இல் நாஷ்வில் நகரில் தோன்றி, கண்ட்ரி இசைக்கே தாய்வீடான 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியை வளர்த்த வானொலி நிலையம் யாருடையது? ஆயுள் காப்புறுதி விற்கும் நிறுவனத்துடையது. 1930களில் டெக்சஸ் வானொலியில் புகழ்பெற்ற 'லைட் க்ரஸ்ட் டோபாய்ஸ்' குழுவினர் எதற்காகப் பாடினர்? மாவு ஆலை ஒன்றின் மாவு விற்பதற்காக. பாட்டைக் கொண்டு பிறர் மாவு விற்றால் அது தொழில். பாடியவன் தன் பாட்டையே விற்றால் அது இழிவாம்! இந்நீதி எந்நூலில் உள்ளது?

தனித்து நிற்போர் யாவரும் வெல்வர் என்பது ஈண்டு வாதமன்று. தோற்றோர் பலர்; கடன்பட்டோரும் பலர். சிம்சனே பின்னர்ப் பெருநிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். அங்கு வெளியிட்ட தொகுப்புக்கு 2017இல் சிறந்த கண்ட்ரி தொகுப்புக்கான கிராமி விருதும் பெற்றார். ஆயினும், அவ்வாண்டு நவம்பரில் நாஷ்வில்லில் கண்ட்ரி இசைச் சங்கத்தின் விருது விழா நடந்தபோது, அவர் அரங்குக்கு வெளியே தெருவில் நின்று, கிட்டார்ப் பெட்டிக்குள் அக்கிராமி விருதை வைத்துக்கொண்டு வழிப்போக்கர்க்குப் பாடினார். விருது பெற்றவனையும் வாசலில் நிறுத்தும் வீடு அது. 2020இல் அவர் மீண்டும் தம் சொந்த முத்திரையிலேயே பாடல்களை வெளியிட்டார். கதவு திறந்தபோதும், வீடு தனதாகாது என்பதை அவர் உணர்ந்தாரென்றே கொள்ளலாம்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்கள் இசை பயிலும் மாணவனுக்குச் சுருதியும் தாளமும் மட்டும் உணர்த்தினால் போதாது. பாடல் வேறு, மூலப்பதிவு வேறு என்பதையும் உணர்த்துதல் வேண்டும். முன்பணத்தைக் கண்டு மகிழுமுன் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் படித்துப் பொருளறியப் பயிற்றுதல் வேண்டும். பிரிஸ்டலில் பாடியோர்க்கு இதனை எடுத்துரைக்க ஓர் ஆசிரியன் இருந்திலன்.

கேட்போர்க்கும் கடமை உண்டு. நிகழ்ச்சி முடிந்தபின் வாயிலில் சிறு மேசையிட்டுத் தன் தொகுப்புகளை அடுக்கி நிற்கும் பாடகனைக் கண்டால் இரங்கவும் வேண்டா. இலவசமாகக் கேட்கவும் வேண்டா. உழவன் தன் விளைச்சலோடு சந்தையில் நிற்பதுபோல் அவன் நிற்கிறான். விலையைக் கொடுத்து வாங்கிச் செல்க.