ஜிம்மியும் பட்டணம் பார்க்க வேண்டுமா?

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நம் வகுப்பறைகளில் எழும் முதல் கேள்வி, "லீவுக்கு எங்கே போனீர்கள்?" என்பதுதான். "சென்னைக்கு" என்று சொல்வதில் ஒரு பெருமை. "எங்கள் நாயையும் கூட்டிக்கொண்டு போனோம்" என்று சொன்னாலோ அது இன்னும் பெரிய பெருமை! அந்தப் பெருமைக்கு ஆசைப்பட்டு, சென்ற மே மாதம் அக்காளும் தம்பியுமாக நாங்கள் இருவரும் ஒரு காரியம் செய்தோம். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். படிக்கும் தோழியர் எங்களைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை. நாங்கள் செய்த பிழையை அவர்கள் செய்யாதிருந்தால் அதுவே போதும்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. எங்கள் ஜிம்மி இராஜபாளையமும் அல்ல, சிப்பிப்பாறையும் அல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில் எங்கள் வாசலில் வந்து ஒதுங்கிய செவலை நிற நாட்டு நாய். காலையில் பள்ளி வேன் வரும்வரை தெருமுனையில் எங்களோடு நிற்கும். மாலையில் வேன் திரும்பும் நேரம் அதற்கு எப்படித்தான் தெரியுமோ, முன்கூட்டியே வந்து அதே இடத்தில் காத்திருக்கும்.

சென்னையில் இருக்கும் சித்தப்பா பத்து நாள் தங்கிப் போகும்படி எங்களை அழைத்தார். ஜிம்மியை ஆச்சியிடம் விட்டுச் செல்லலாம் என்றார் அப்பா. நாங்கள் விடுவோமா? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம். மறைக்கல்வி வகுப்பில் படித்த தோபித்து நூலையும் துணைக்கு அழைத்தோம். "தோபியா வானதூதரோடு ஊருக்குப் போனபோது அவருடைய நாயும் கூடப் போகவில்லையா?" என்று வாதாடினோம். அப்பா வாயடைத்துப் போனார். ஆச்சி மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏட்டி, அது ஒங்க கூட இருக்கத்தானே வரும், பட்டணம் பாக்கவா வரும்?" என்றார்கள். அந்தச் சொல்லின் பொருள் அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

இரயில் பயணத்திலேயே முதல் பாடம் தொடங்கிவிட்டது. நாயும் நாமும் ஒன்றாகப் பயணம் செய்ய வேண்டுமானால், முதல் வகுப்பில் இரண்டு படுக்கை உள்ள கூபே அல்லது நான்கு படுக்கை உள்ள அறை முழுவதும் நம் பெயரில் கிடைக்க வேண்டும். சாதாரணப் படுக்கை வகுப்பிலும், குளிரூட்டிய இரண்டடுக்கு, மூன்றடுக்குப் பெட்டிகளிலும் நாய்க்கு இடமில்லை. முதல் வகுப்புக் கட்டணம் எங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே பார்சல் அலுவலகத்தில் மருத்துவரின் சான்றிதழைக் காட்டிப் பணம் கட்டி, கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் ஜிம்மியை ஏற்றினோம். சக பயணிகளின் நலனை எண்ணி வகுத்த விதியை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் திருநெல்வேலியிலிருந்து எழும்பூர் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். அந்த இரவு முழுவதும் ஜிம்மி இருட்டில் தனியாக இருந்தது. மதுரையில் வண்டி நின்றபோது அப்பா தண்ணீர்ப் புட்டியோடு கடைசிப் பெட்டிக்கு ஓடினார். திரும்பி வந்தவர், "தண்ணியைத் தொடக்கூட இல்லை, நடுங்கிக்கிட்டு இருக்கு" என்றார். அன்று இரவு அம்மா உறங்கவில்லை. நாங்கள் உறங்கிவிட்டோம்!

சென்னையைப் பற்றி எழுதினால் ஏடு கொள்ளாது. 1851-இல் தொடங்கப்பெற்ற எழும்பூர் அருங்காட்சியகம், சாந்தோம் பேராலயம், வண்டலூர் உயிரியல் பூங்கா, மாமல்லபுரத்துச் சிற்பங்கள் எல்லாவற்றையும் கண்டு களித்தோம். இவற்றில் எந்த இடத்திற்கு ஜிம்மியை அழைத்துச் செல்ல முடிந்தது? ஒன்றிற்குமில்லை! அருங்காட்சியகத்திற்குள்ளும் ஆலயத்திற்குள்ளும் நாயை விடமாட்டார்கள். உயிரியல் பூங்காவிலோ கேட்கவே வேண்டாம். மெட்ரோ இரயிலிலும் இடமில்லை. பக்கத்துத் தெருப் பூங்காவின் வாசலிலேயே 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை தொங்கியது. கடற்கரைக்கு ஒருநாள் மாலை அழைத்துச் சென்றோம். ஆயிரக்கணக்கான மக்களையும் பட்டாணிச் சுண்டல்காரர்களையும் குதிரைகளையும் கண்டு மிரண்டு, எங்கள் கால்களுக்கு நடுவிலேயே பதுங்கி நின்றது.

ஆகவே நாங்கள் ஊர் சுற்றிய நாட்களிலெல்லாம் ஜிம்மி மூன்றாம் மாடிப் பால்கனியில் கட்டிக் கிடந்தது. மே மாதச் சென்னை வெயிலை அறியாதார் யார்? 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று அந்நகரில் 45 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. மனிதருக்கு உடலெங்கும் வியர்க்கும். நாய்க்கோ பாதங்களின் அடியில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் பின்னர்தான் கால்நடை மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டோம். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அது பகல் முழுவதும் குரைக்கிறது என்று அக்கம்பக்கத்தார் சித்தியிடம் முறையிட்டது மட்டுமே.

எதிர்வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி இருந்தாள். முந்தைய ஆண்டு அவளை ஒரு தெருநாய் கடித்துவிட்டதாம். ஊசிகள் போட்டுக் குணமாகிவிட்டாலும் அச்சம் மட்டும் போகவில்லை. ஜிம்மி வந்த நாள்முதல் அவள் படியிறங்கி விளையாடப் போகவில்லை என்று அவளுடைய தாயார் சொன்னார்கள். "எங்கள் ஜிம்மி கடிக்காது ஆன்ட்டி" என்று சொன்னோம். நாய் வளர்ப்பவர் எல்லாருமே சொல்லும் சொல் அது. அந்தச் சிறுமிக்கு அதனால் என்ன ஆறுதல்? வெறிநோய் கண்டபின் மனிதரைப் பிழைக்க வைப்பது ஏறத்தாழ இயலாத காரியம். 1885-இல் லூயி பாஸ்டர் அந்நோய்க்குத் தடுப்பூசி கண்டார். 1907-இல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் நிறுவப்பெற்றது. ஆயினும் அந்நோயால் இறப்போர் இன்றும் உண்டு. அந்த வீட்டாரின் அச்சம் வீண் அச்சமன்று. விடுமுறைக்கு வந்த நாங்கள், அங்கேயே வாழும் ஒரு குழந்தையின் விடுமுறையைப் பறித்துவிட்டோம்.

ஆறாம் நாள் நாங்கள் மாமல்லபுரத்திலிருந்து திரும்பியபோது பால்கனியில் கயிறு மட்டும் கிடந்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா கதவைத் திறந்தபோது, கயிற்றைக் கடித்து அறுத்திருந்த ஜிம்மி படியிறங்கி ஓடிவிட்டது. எங்களைத் தேடித்தான் ஓடியிருக்க வேண்டும். அந்த மாலையை நாங்கள் மறக்கவே முடியாது. எந்தத் தெருவில் தேடுவது? யாரைக் கேட்பது? எங்கள் ஊரில் "செவலை ஜிம்மி" என்றால் பலசரக்குக் கடைக்காரருக்கும் தெரியும். அந்த மாநகரத்திலோ அது பெயரற்ற ஒரு நாய். தம்பி அழுதுகொண்டே செபமாலை சொன்னான். தெருவிளக்கு எரிந்த பிறகு, நான்கு தெரு தள்ளி ஓர் ஆட்டோ நிறுத்தத்தில் அதைக் கண்டோம். அப்பகுதி நாய்கள் சூழ்ந்து காதைக் கடித்திருந்தன. ஆட்டோக்காரர் ஒருவர் அவற்றை விரட்டிவிட்டு, தம் துண்டால் ஜிம்மியைக் கட்டி, பின்னிருக்கையில் படுக்க வைத்திருந்தார். அதனால் அன்று மாலை சவாரிக்கும் போகவில்லை. அப்பா நீட்டிய பணத்தை வாங்க மறுத்தவர், எங்களைப் பார்த்து, "ஏம்மா, இதுக்கு இந்த ஊரு வாசனையே தெரியாதே! கூட்டியாந்துட்டு நீங்க எங்க போனீங்க?" என்று கேட்டார்.

ஆச்சி சொன்னதும் அவர் கேட்டதும் ஒன்றுதான். நாய் ஊர் பார்க்க வருவதில்லை. நம்மோடு இருக்கவே வருகிறது. போகும் ஊரில் நாம் அதனோடு இருக்கப் போவதில்லை என்றால், அதை அழைத்துச் செல்ல நமக்கு உரிமை இல்லை. இதுவே எங்கள் கருத்து.

நாங்கள் வாதத்திற்கு இழுத்த தோபியாவின் நாயை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். அது நினிவேயிலிருந்து மேதியா நாட்டு வழியில் தன் தலைவரோடு கூட நடந்தது. திரும்பும்போதும் பின்னாலேயே வந்தது. பாரதத்தில் தருமர் தம் இறுதிப் பயணத்தில் உடன்வந்த நாயை விட்டுவிட்டுத் தாம் மட்டும் தேவருலகம் புக மறுத்தார். இவ்விரு பயணங்களிலும் நாய் வழித்துணையாயிற்று. நாங்களோ ஜிம்மியை ஒரு பெட்டியைப் போல ஏற்றினோம், இறக்கினோம், கட்டி வைத்தோம்.

"அப்படியானால் வீட்டில் விட்டுச் செல்வது மட்டும் அன்பா?" என்று சில தோழியர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பத்து நாளுக்கு ஒரு சட்டிச் சோற்றை வைத்துச் சங்கிலியில் கட்டிவிட்டுப் போவதும், தெருவில் அவிழ்த்துவிட்டுப் போவதும் அன்பாகா. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். அதற்குப் பழகிய ஒருவர், அது பழகிய வீட்டில், வேளைக்கு உணவும் நீரும் தந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். அத்தகையவர் ஒருவர் கிடைத்தால் விட்டுச் செல்வதே அன்பு. கிடைக்காவிட்டால் நம் பயணத்தைச் சுருக்கிக்கொள்வதே முறை.

அழைத்துச் செல்லவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. குடும்பமே ஊர் மாறும்போது விட்டுச் செல்வது எப்படி? மருத்துவத்திற்காக நெடுநாள் தங்க நேர்ந்தால்? அப்போது அழைத்துத்தான் செல்ல வேண்டும். ஆனால் வீட்டார் ஒருவர் எந்நேரமும் அதனோடு இருக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும், அதன் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் நம் தொலைபேசி எண் இருக்க வேண்டும். ஜிம்மியின் கழுத்தில் அது இல்லை! விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகுமே நடத்திச் செல்ல வேண்டும். புறங்கையைத் தார்ச் சாலையில் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். நம் கை பொறுக்காத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது. அதன் கழிவை நாமே அள்ள வேண்டும். தங்கப் போகும் வீட்டாரை மட்டுமல்ல, எதிர்வீட்டாரையும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

2025-ஆம் ஆண்டில் தெருநாய்களைப் பற்றி நாட்டின் உச்ச நீதிமன்றமே மீண்டும் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. சென்னை மாநகராட்சி, நாய் வளர்ப்போர் உரிமம் பெற வேண்டும் என்கிறது. நாயை நேசிப்பவருக்கும் அஞ்சுபவருக்கும் இடையே நகரங்களில் மனத்தாங்கல் வளர்ந்து வருகிறது. இவ்வேளையில் நாய் வளர்க்கும் நாம் ஒழுங்காக நடந்துகொண்டால்தான் பூங்கா வாசலில் தொங்கும் பலகைகள் ஒருநாள் கீழிறங்கும். சண்டையிட்டு அவற்றை இறக்க முடியாது.

ஜிம்மியின் காது ஆறிவிட்டது. ஆனால் அம்மா பயணப் பெட்டியைப் பரணிலிருந்து எடுத்தால் போதும், அது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறது. எவ்வளவு கூப்பிட்டாலும் வருவதில்லை. அதற்கு நாங்கள் என்ன விளக்கம் சொல்ல முடியும்?

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரச் சொல்லிச் சித்தப்பா மீண்டும் அழைத்திருக்கிறார். இம்முறை நான்கே நாட்கள்தான் போகிறோம். ஜிம்மி ஆச்சியோடு இருக்கும். எதிர்வீட்டுச் சிறுமிக்குக் கொடுக்க ஒரு பொட்டலம் திருநெல்வேலி அல்வாவும், ஆட்டோக்காரருக்கு ஒரு புதுத் துண்டும் வாங்கி வைத்திருக்கிறோம். பள்ளி திறந்ததும் "நாயைக் கூட்டிக்கொண்டு போனீர்களா?" என்று நீங்கள் கேட்டால், "இல்லை" என்றே சொல்வோம். அப்படிச் சொல்ல எங்களுக்குக் கூச்சமில்லை.