கண்ணாடி காப்பாற்றுமா?

நம் தமிழ் மன்ற அறையின் மூலையிலே ஒரு பழைய கணிப்பொறி இருக்கின்றது. 2011ஆம் ஆண்டில் வாங்கியது. அதனுள்ளே 500 ஜிபி கொள்ளளவுள்ள ஹார்டு டிஸ்க்குகள் இரண்டு இரட்டைப் பிள்ளைகள் போலப் பணியாற்றி வந்தன. அவற்றுள் ஒன்று மூன்று திங்களுக்கு முன்பே கழன்றுகொண்டது. எஞ்சிய ஒன்றை நம்பியே இன்று எல்லாம் நடக்கின்றது.

இது பற்றி நம் செயற்குழுவில் இரு கட்சிகள் தோன்றியுள்ளன. “ஓடுகிறதே, ஓடட்டும், தேர்வு முடிந்து பார்த்துக்கொள்ளலாம்” என்பது ஒரு கட்சி. “பழங்குப்பையைத் தூக்கி எறிந்து புதியது வாங்குவோம்” என்பது மற்றொன்று. இரண்டையும் நான் மறுக்கிறேன். அப்பொறியை உடனே பழுது பார்க்க வேண்டும். ஆனால் பழுது பார்ப்பதற்கு முன் வேறொன்று செய்ய வேண்டும் என்பதே என் வாதம்.

அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கின்றது என்று இவ்வாண்டு சேர்ந்த தோழர்கள் கேட்கலாம். 1998 முதல் வெளிவந்த நம் மலர்களின் பக்கங்கள் அச்சுக்குப் போன வடிவிலேயே இருக்கின்றன. பொங்கல் விழாக்களில் பேசிய பெரியோர்களின் ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. அவர்களில் சிலர் இன்று நம்மிடையே இல்லை. தமிழகத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கி, இந்த வடபுலத்துக் குளிரிலே தமிழுக்கென ஒரு மன்றம் வைத்து நடத்தியவர்களின் கையெழுத்துப் பதிவேடுகள் படமாக இருக்கின்றன. இவற்றின் மூலப் பிரதிகள் எங்கே? மலர்களில் பாதி நம்மிடம் இல்லை. பதிவேடுகளைக் கரையான் தின்றது.

புதியது வாங்கலாம் என்னும் நண்பர்களுக்கு ஒரு சொல். பழைய மலர்கள் யூனிகோடு பரவுவதற்கு முன் வழங்கிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. 1999இல் தமிழக அரசு தாம், தாப் என்ற தரங்களை ஏற்றது. அதற்கு முன்னும் பின்னும் ஆளுக்கொரு குறியீட்டு முறை வழங்கியது. அக்கோப்பைப் புதிய கணிப்பொறியில் திறந்து பாருங்கள்; தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஐரோப்பியக் குறிகள் வரிசை கட்டி நிற்கும். மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஆயினும், மாற்றியது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, மூலத்தை ஒழுங்காகக் காட்டும் பொறி ஒன்று வேண்டும் அல்லவா? அது இந்தப் பழம்பெட்டிதான். மாற்றி முடித்த பிறகு அதற்கு மாலை போட்டு அனுப்பிவைப்போம், எனக்கு மறுப்பில்லை.

இனி “ஓடட்டும்” கட்சிக்கு வருகிறேன். இரு தட்டுகளில் ஒரே செய்தியை எழுதும் இம்முறைக்கு மிரர் என்று பெயர், கண்ணாடி என்போம். ஒன்று போனாலும் மற்றது வேலையைத் தொடரும். இம்முறை முன்பே வழக்கில் இருந்தது. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் என்னும் மூவர், மலிவான தட்டுகள் பலவற்றை இணைத்து நம்பகமான ஒன்றாக ஆக்கும் வழிகளை வகைப்படுத்தி, ரெய்டு என்று பெயரிட்டனர். கண்ணாடி முறைக்கு அதில் முதல் எண். (ரெய்டு என்றதும் வருமான வரிக்காரர்களை நினைத்துப் பதறிய நம் பொருளாளர் அமைதி கொள்வாராக!)

இம்முறையின் சிறப்பே அதன் தீமையும் ஆகும். ஒரு தட்டு வீழ்ந்த பின்னும் பொறி முன்போலவே ஓடுவதால், வீழ்ந்ததை எவரும் அறிவதில்லை. நம் பொறியில் இருக்கும் லினக்ஸ் அறிவிக்கத்தான் செய்தது. ஆனால் அது அனுப்பிய அஞ்சல் அப்பொறிக்குள்ளேயே ரூட் என்னும் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கணக்கைத் திறந்து படிப்பார் யார்? நிலையைக் காட்டும் வரியில் இரு தட்டுகளும் நலமெனில் இரண்டு ‘யூ’ எழுத்துகள் நிற்கும். இப்போது ஒரு ‘யூ’வும் அதன் அருகே ஒரு கீழ்க்கோடும் நிற்கின்றன. அந்தக் கீழ்க்கோடு மூன்று திங்களாக நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மிஞ்சிய தட்டின் வயதென்ன? வீழ்ந்ததன் வயதேதான். ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை இரண்டும். ஒரே மின்வெட்டுகளையும் இவ்வூர் மே மாத வெயிலையும் ஒருங்கே தாங்கியவை. அண்ணன் படுத்தபின் தம்பி நூறாண்டு வாழ்வான் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறோம்?

கடைக்காரர் ஒருவரிடம் கேட்டோம். “இரண்டையும் மாற்றி, ஃபார்மட் செய்து, புதிதுபோல் ஆக்கித் தருகிறேன்” என்றார். பொறி புதிதாகும், உள்ளிருந்தவை? அதைப் பற்றி அவர் கேட்கவுமில்லை.

முதற்பணி படியெடுத்தல். புதுத் தட்டைச் சேர்த்தவுடன், பொறி மிஞ்சிய தட்டைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஓரிடம் விடாமல் படித்து அதில் எழுதும். நொடிக்கு 80 எம்பி என்று கொண்டாலும் 500 ஜிபிக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். ஆண்டுக்கணக்கில் தொடாத மூலைகளையும் அப்போது தொட்டாக வேண்டும். கிழத்தட்டு மூச்சுவிடத் திணறுவது பெரும்பாலும் அந்நேரத்தில்தான். நம் கோப்புகளோ மொத்தம் 60 ஜிபிதான். ஆகவே அவற்றை முதலில் வெளித்தட்டு ஒன்றில் எடுத்துவைத்து, திறந்து பார்த்து, பிறகே கண்ணாடியில் கை வைக்க வேண்டும்.

அடுத்து, வீழ்ந்த தட்டு உண்மையில் வீழ்ந்ததா என்று பார்க்க வேண்டும். தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைக்கின்றன. ஸ்மார்ட் என்பது அக்குறிப்பின் பெயர். கெட்ட இடங்களுக்கு மாற்றிடம் கொடுத்த எண்ணிக்கையும், படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்களின் எண்ணிக்கையும் ஏறியிருந்தால் தட்டு நோயாளி. அவை சுழியாக இருந்து, 199 என்ற எண்ணுள்ள சிஆர்சி பிழைகள் மட்டும் மிகுந்திருந்தால், குற்றவாளி பெரும்பாலும் கேபிள். 100 ரூபாய்ச் செலவு.

ஆனால் கேபிளை மாற்றியதும் விலகிய தட்டு எழுந்து நின்றால் மகிழ்ந்து கூத்தாடிவிடலாகாது. அது மூன்று திங்களுக்கு முந்தைய உலகத்தில் நிற்கின்றது. இடையில் நாம் சேர்த்த கணக்கும் கட்டுரையும் அதற்குத் தெரியா. எவரேனும் நல்ல தட்டைத் தவறுதலாகக் கழற்றிவிட்டு, இந்தப் பழைய தட்டால் பொறியைத் தொடங்கினார் என்று வையுங்கள். பொறி இனிதே எழும். யாதொரு குறையும் தோன்றாது. அதில் ஒருவர் இவ்வாரச் சந்தாக் கணக்கை எழுதிவிட்டால்? ஒரு தட்டில் உள்ளது மற்றதில் இல்லை, மற்றதில் உள்ளது இதில் இல்லை என்றாகிவிடும். பிறகு எதை மூலமாகக் கொண்டு மற்றதை அழிப்பது? ஒவ்வொரு தட்டும் நிகழ்வு எண் ஒன்றைச் சுமக்கின்றது. விலகியதன் எண் விலகிய அன்றோடு நின்றிருக்கும். அதைப் பார்த்துத்தான் புதியது எது, பழையது எது என்று முடிவு செய்ய வேண்டும். தொடர் எண்களை இரு தட்டுகளின் மீதும் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்த பிறகே திருகாணியைத் தொட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். நண்பர்கள் நகைக்கின்றனர். நகைக்கட்டும்.

புதுத் தட்டு வாங்குவதானால், பழையதைவிட ஓர் அணுவும் சிறிதாக இருக்கலாகாது. 500 என்று அட்டையில் அச்சிட்டிருப்பதால் மட்டும் இரண்டும் சமமாகிவிடா. பெரிதாக இருக்கலாம். ஆனால் நம் பொறியின் பழைய பிரிவுப் பட்டியல் முறை ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் எண்ண அறியாது; அதற்கு மேல் வாங்குவது வீண். கட்டி முடிந்ததும் தொடக்க நிரலை இரு தட்டுகளிலும் எழுத வேண்டும். இல்லையேல் நாளை முதல் தட்டு வீழும்போது, இரண்டாவதில் எல்லாம் இருந்தும் பொறி எழாது.

இவ்வளவும் செய்தபின் காப்பு வந்துவிட்டதா? இல்லை. கண்ணாடி முன் நின்று ஒருவன் மீசையை மழித்தால் கண்ணாடியில் இருப்பவனுக்கும் மீசை போய்விடும். ஒரு கோப்பை இங்கே அழித்தால் அங்கேயும் அக்கணமே அழியும். திருடன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் போகும். மழைநீர் புகுந்தால் இரண்டும் நனையும். நம் முன்னோர் ஓர் ஏட்டைப் படியெடுத்து மற்றோர் ஊருக்கு அனுப்பினர். ஓரூரில் ஆடிப் பெருக்கன்று ஏடுகளை ஆற்றில் விட்டபோதும், மற்றோர் ஊர்ப் பரணில் கிடந்த படி சில நூல்களைக் காத்தது. ஒரே பரணில் இரண்டு படிகளை அடுக்கி வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

ஆதலால் செயற்குழுவிடம் நான் வேண்டுவன சில. ஒரு புதுத் தட்டு. ஒரு வெளித்தட்டு, அது மன்ற அறையில் இல்லாமல் விடுதியில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த ‘யூ’ எழுத்துகளை எண்ணிப் பார்த்து அறிவிப்புப் பலகையில் எழுத ஒருவர். முதலாண்டு மாணவர் எவரும் இப்பணியைச் செய்யலாம். கணிப்பொறியியல் படிக்க வேண்டியதில்லை. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் படியெடுக்கத் தொடங்குகிறோம். 100 ஜிபி காலியாக உள்ள வெளித்தட்டு எவரிடமேனும் இருந்தால் இரண்டு நாள் இரவலாகத் தருக. மின்விசிறி ஒன்றும் வேண்டும். பெட்டியைத் திறந்து வைத்தே ஓட்ட எண்ணியிருக்கிறோம்.