சருகைக் கொளுத்த வேண்டாம், பையில் கட்டி அனுப்பவும் வேண்டாம்



சென்னையின் வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, பள்ளிக்கரணை வட்டாரத்தில் குடியிருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்களில் ஓய்வு பெற்றவர்கள் உண்டு, வேலைக்குப் போகும் பெண்கள் உண்டு, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. எங்களுக்குக் கட்சி கிடையாது, பதிவு செய்த சங்கமும் கிடையாது. மார்கழி பாதி போய்விட்டது, போகி நெருங்குகிறது. தை பிறந்ததும் வாதுமை மரங்கள் சிவந்து இலை கொட்ட ஆரம்பிக்கும். மாசி பங்குனியில் வேம்பும் புங்கையும் தொடரும். அதற்கு முன்னால் அக்கம்பக்கத்தாரான உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த வருஷம் சருகைக் கொளுத்தாதீர்கள். சமையல் கழிவோடு சேர்த்துப் பையில் கட்டி அனுப்பியும் விடாதீர்கள். இரண்டையும் அவரவர் வாசலுக்குள்ளேயே மண்ணாக்கிவிட முடியும். நாங்கள் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு காலிமனை இருக்கிறது. போன பங்குனியில் அதன் மூலையில் இடுப்பளவு சருகு சேர்ந்திருந்தது. ஒருநாள் விடியற்காலையில் யாரோ பற்ற வைத்துவிட்டார்கள். மேலே காய்ந்து கிடந்தது ஐந்து நிமிஷத்தில் எரிந்து தீர்ந்தது. அடியில் ஈரம். அது ஒழுங்காக எரியவும் இல்லை, அணையவும் இல்லை; பொழுது சாயும் வரை புகைந்துகொண்டே கிடந்தது. எதிர்வீட்டில் வீசிங் தொந்தரவு உள்ள ஆறு வயதுப் பையனை, ஜன்னலெல்லாம் சாத்திய அறையில் உட்கார வைத்து அவன் அம்மா நெபுலைசர் பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் சாம்பலைக் கிளறிப் பார்த்தோம். உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போன பால் பாக்கெட்டுகள், பாதி கருகிய ஒரு ரப்பர் செருப்பு, ஒயர்த் துண்டு. வெறும் சருகு என்று நினைத்துத்தான் பற்ற வைத்திருப்பார்கள்.

வெறும் சருகாகவே இருந்தாலும் அந்தப் புகை நல்லதில்லை. ஈரத்தோடு புகைகிற இலையிலிருந்து நுரையீரலின் கடைசி அறை வரை இறங்கக்கூடிய நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் வெளியே வருகின்றன. புற்றுநோய்க்குக் காரணமாகும் பென்சோபைரீன் போன்றவையும் அதில் உண்டு. ஒயரின் மேலுறை மாதிரி பிவிசி கலந்துவிட்டால் டயாக்ஸின். அதுவும் மார்கழி, தை மாதத்து அதிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். மேலே இருக்கும் வெப்பக் காற்று அதன்மேல் மூடி போட்டதுபோல் நிற்கும். புகை மேலேறிக் கலைய வழியில்லை. 2018 போகியன்று நகரமே புகைமூட்டத்தில் மூழ்கி, மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். அன்று எரிந்ததில் பெரும்பகுதி டயரும் பிளாஸ்டிக்கும் என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் வீட்டு வாசலில் ஒரு குவியல் எரியத் தொடங்கிவிட்டால் அதில் எது விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கண்ணுக்கு வேண்டாதது எல்லாம் அதில் போய்விடும்.

சரி, கொளுத்தவில்லை, கட்டி அனுப்பிவிடுகிறோம் என்று பலர் சொல்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஒருவர் வீட்டுக் கறுப்புப் பையை மாடியில் செய்தித்தாள் விரித்துக் கொட்டிப் பார்த்தோம். வாழைப்பழத்தோல், முருங்கைக்காய்ச் சக்கை, வடிகட்டிய காபிப்பொடி, நேற்றைய சாம்பார் சாதம், சாமிக்குப் போட்ட வாடிய சாமந்தி மாலை, அதன்மேல் பெருக்கி அள்ளிய சருகு. அடியில் தீர்ந்துபோன இரண்டு பேட்டரி, காலாவதியான மாத்திரைப் பட்டை, ஒரு சவரப் பிளேடு. எடையில் பெரும்பகுதி மண்ணுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் எல்லாம் சாம்பார் ஊறி ஒன்றாகிவிட்டிருந்தது. அந்த பிளேடு மட்டும் எங்களுக்குத் தெரியாமல் போயிருந்தால், மறுநாள் தூய்மைப் பணியாளர் அம்மாவின் விரலில்தான் ஏறியிருக்கும்.

பிரிக்காமல் கொடுத்த பை எங்கே போகிறது? நம் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிற பெருங்குடிக் குப்பைக் கிடங்குக்கு. அது சும்மா கிடந்த பொட்டல் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு பகுதியை மூடித்தான் அந்த மேடு எழுந்தது. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் போகிற இடம் அது. கீழ்க்கட்டளை ஏரித் தண்ணீரும் நாராயணபுரம் ஏரித் தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். தண்ணீர் தங்க வேண்டிய இடத்தில் குப்பையும் கட்டடமும் உட்கார்ந்தால் அது வேறு எங்கே போகும்? 2015 டிசம்பரில் நம் கூடத்துக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வந்தது. சுவரில் அந்தக் கோடு இன்னும் அழியாத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

2022-இல் இந்தச் சதுப்புநிலத்துக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. உலக அளவில் காக்கப்பட வேண்டிய ஈரநிலம் என்று அதற்குப் பொருள். அதே 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கு தீப்பிடித்து நாட்கணக்கில் எரிந்தது. காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடக்கும் ஈரக் கழிவு அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். தீப்பற்றும் வாயுவும் அதுதான். இன்னொரு பக்கம், அழுகலிலிருந்து வடியும் கறுப்புக் கசிவுநீர் பேட்டரி, டியூப் லைட், மருந்து எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு சதுப்புக்குள் இறங்குகிறது. இந்த மாதத்தில் ரேடியல் ரோடு ஓரம் வண்டியை நிறுத்திப் பாருங்கள். பூநாரைகள் ஒற்றைக்காலில் நிற்கின்றன, பின்னாலேயே குப்பைமேடு தெரிகிறது. நம் வீட்டு வாழைப்பழத்தோலுக்கும் அந்தக் காட்சிக்கும் தொடர்பு இருக்கிறது என்பது எங்களுக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை அங்கே நடந்து வருகிறது. நல்ல வேலை. ஒரு பக்கம் அவர்கள் தோண்டத் தோண்ட, இன்னொரு பக்கம் நாம் கலந்து கட்டி அனுப்பிக்கொண்டிருந்தால் அது எப்போது முடியும்?

நம் வீட்டுப் பெரியவர்களிடம் 'குப்பை' என்ற சொல்லைக் கேட்டுப் பாருங்கள். கிராமத்தில் வளர்ந்தவர் என்றால், "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்ட காலத்தை நினைவுகூர்வார். சாணம், சாம்பல், கூளம், அடுப்படிக் கழிவு எல்லாம் கொல்லைப்புறத்து எருக்குழியில் மக்கி, கோடையில் வண்டி வண்டியாக நிலத்துக்குப் போகும். குப்பை என்றால் எரு. விலை கொடுத்து வாங்கிய பொருள். எங்கள் குழுவில் ஒரு பாட்டி, மாடியில் முதல் டிரம்மைத் திறந்து காட்டியபோது ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்க ஊர்க் குழி வாசனை" என்றார். அதற்குப் பிறகு அந்த டிரம்மைக் கிளறுவது அவர் பொறுப்பாகிவிட்டது.

செய்முறை பெரிய வித்தை இல்லை. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டிரம், அல்லது பெரிய மண்தொட்டி. அடியிலும் பக்கவாட்டிலும் காற்றோட்டத்துக்குத் துளை போடுங்கள். அடியில் நாலு விரல் கனத்துக்குச் சருகு. அன்றாடக் காய்கறிக் கழிவு ஒரு பங்கு போட்டால் மேலே இரண்டு பங்கு சருகு போட்டு மூட வேண்டும். நாம் கொளுத்தித் தீர்க்கிற சருகுதான் இங்கே உயிர்நாடி. அது இல்லாவிட்டால் டிரம் அழுகி நாறும், இருந்தால் நாறாது. தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோரோ சாணக் கரைசலோ தெளித்தால் சீக்கிரம் பிடிக்கும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஈரம் புட்டுக்கு மாவு பிசிறும் பதத்தில் இருக்க வேண்டும்: பிடித்தால் பிடி நிற்கும், உதிர்த்தால் உதிரும். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். வாடை வந்தால் ஈரம் கூடிவிட்டது, சருகு போடுங்கள். தடித்த வெள்ளைப் புழுக்களைக் கண்டு பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அவை படைவீரன் ஈயின் புழுக்கள், கடிக்காது, நமக்காக வேலை செய்கின்றன. மீன் கழிவையும் மிச்சச் சோற்றையும் கொஞ்சமாக நடுவில் புதைத்துவிட்டால் எலித் தொல்லை குறையும். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் கறுத்துப் பொலபொலவென்று ஆகிவிடும். வாதுமை இலை மட்டும் தடிமன், நொறுக்கிப் போட்டால்தான் சீக்கிரம் மக்கும்.

மரத்தடி உள்ளவர்களுக்கு இந்த உழைப்புகூட வேண்டாம். சருகை அப்படியே தென்னை, வாழை, மா அடியில் பரப்பிவிடுங்கள். விவசாயிகள் மூடாக்கு என்று சொல்வது இதைத்தான். வெயிலில் மண் சீக்கிரம் காயாது, தண்ணீரும் மிச்சம். தென்னை மட்டையையும் வெட்டிப் போட்டுவிடலாம். கொட்டாங்குச்சியும் இளநீர்க் கூடும் மட்டும் வானம் பார்த்துக் கிடக்கக் கூடாது; மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அது போதும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பிளாக்குக்குப் பொதுவாக டிரம் வைத்துக்கொள்ளலாம். சருகு கிடைக்கவில்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள், தெருவில் தேவைக்கு மேல் இருக்கிறது.

தோட்டம் வைத்திருப்பவர்களிடம் இன்னொன்று. வெட்டிய கொடியையும் தொட்டிச் செடியையும் ஏரிக்கரையில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். பச்சைதானே, மக்கிவிடும் என்று தோன்றும். ஏரியை மூடிக் கிடக்கிற ஆகாயத்தாமரையும், காட்டை நெருக்குகிற உண்ணிச்செடியும் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தவைதான். ஒரு துண்டு போதும், பிடித்துக்கொள்ளும். அதேபோல வாசலில் பெருக்கியதை மழைநீர் வடிகாலின் சல்லடைக்குள் தள்ளாதீர்கள். ஐப்பசியில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது நாங்கள் கையைவிட்டு அந்தச் சல்லடையிலிருந்து எடுத்தது புங்க இலையும் பால் கவரும்தான்.

சட்டமும் இதையே சொல்கிறது. குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் கடமையை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டுக்காரருக்கு வைத்தன. தெருவில் எறிவதற்கும் எரிப்பதற்கும் தடை விதித்தன. தோட்டக் கழிவைத் தனியே தன் வளாகத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லின. அபராதத்துக்குப் பயந்து செய்யச் சொல்லவில்லை. அடுத்தவீட்டுப் பையனின் மூச்சுக்காகச் செய்யுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதையும் கேட்கிறோம். பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கலந்து கொட்டுகிறார்கள் என்ற குறை உங்களுக்கு இருக்கிறது, எங்களுக்கும் இருக்கிறது. அதற்காக நாம் பிரிக்காமல் விட்டுவிட்டால் தட்டிக் கேட்கும் வாய் நமக்கு இருக்காது. கலப்பதைப் பார்த்தால் 1913-க்குப் பேசிப் புகார் எண் வாங்கி வையுங்கள். வார்டுக்கு ஒரு இலை அரைக்கும் இயந்திரம் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரக்கிளைகள் தெருவோரம் வாரக்கணக்கில் கிடந்து காய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம் எல்லோரும். அந்த மனுவில் உங்கள் கையெழுத்தும் வேண்டும். தூய்மைப் பணியாளர்களிடம் கோபிக்க வேண்டாம். பிரித்த பக்கெட்டை அவர்கள் கையில் கொடுத்து, எது எது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

போகிக்கு முந்தைய ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காலிமனை வாசலில் இருப்போம். பழைய பாய், துணி, டயர், தலையணை எதையும் கொளுத்தாமல் எடுத்து வாருங்கள். மாநகராட்சி வண்டியிடம் சேர்த்துவிடுவோம். வீட்டில் சும்மா கிடக்கும் டிரம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். துளை போட டிரில் மெஷின் எங்களிடம் இருக்கிறது. திரும்பிப் போகும்போது ஆளுக்கு ஒரு சாக்கு சருகும், போன வருஷத்து எரு ஒரு படியும் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தெருக்காரர்கள்