“வெறும் சளிதான்!”



ஆஸ்துமா இருந்தும் அப்பெயர் அறியப்படாமலே ஆறாண்டுத் தொடக்கக் கல்வியை முடித்துச் செல்லும் பிள்ளைகள் நம் தமிழ்ப்பள்ளிகளில் உள்ளனர். காரணம் கேட்டால் உடனே ஏழ்மை என்பர். நான் ஒப்பமாட்டேன். அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தானே கட்டணம்? தடை வேறிடத்தில் இருக்கிறது. நம் வாயில் இருக்கிறது.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் எப்போதும் சுருங்கியிருப்பதில்லை. நள்ளிரவில் சுருங்கும், ஓடியாடினால் சுருங்கும், சாம்பிராணிப் புகைக்கும் சுருங்கும். பிறகு விரிந்துவிடும். இரவெல்லாம் இருமிய பிள்ளையை மறுநாள் காலை பத்து மணிக்கு மருத்துவர் சோதிக்கையில் நெஞ்சில் ஒலியே இராது. சிலருக்கு எப்போதுமே இழுப்பு இராது. வறட்டு இருமல் மட்டுமே அடையாளம். ஆகவே மருத்துவர் நம் சொல்லைத்தான் நம்ப வேண்டியுள்ளது. நாமோ “சளி டாக்டர்” என்கிறோம். இருமல் மருந்து கிடைக்கிறது. அடுத்த மாதம் வேறு கிளினிக், அதே மருந்து.

பழைய தோட்டத்து மருத்துவமனையை நான் புகழவில்லை. எல்லா நோய்க்கும் ஒரே தண்ணி மருந்து என்னும் வசை அதற்குண்டு. ஆயினும் எந்த லயத்துப் பிள்ளை அடிக்கடி இருமுகிறது என்பதை டிரசர் அறிந்திருந்தார். சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டங்களை விட்டு ஈப்போ தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு அப்படி நினைவில் வைத்திருப்பவர் யார்?

1991இல் தொடங்கிய ‘ஐசாக்’ என்னும் பன்னாட்டுக் குழந்தை ஆஸ்துமா ஆய்வு, வினாத்தாளோடு மூச்சிரைப்பைக் காட்டும் காணொளியையும் பயன்படுத்தியது. ‘வீசிங்’ என்பதற்குப் பல மொழிகளில் நேர்ச்சொல் இல்லாமையே காரணம். நம் ‘இழுப்பு’ வலிப்பையும் குறிக்கும். மலாய் மொழியில் ‘லெலா’ என்றால் ஆஸ்துமா, களைப்பும் அதுவே. அறிஞர்களே ஒரு சொல்லை நம்பாதபோது, ‘சளி’ என்னும் ஒற்றைச் சொல்லில் நாம் நோயை மூடி வைக்கிறோம்!

ஆசிரியர்களையும் விடுவதற்கில்லை. திடலில் ஓடாமல் மரத்தடியில் அமர்ந்துவிடும் மாணவனுக்கு ‘சோம்பேறி’ என்று பெயர் சூட்டுகிறோம். 2015, 2019 புகைமூட்டங்களின்போது எல்லா இருமலுக்கும் புகையே காரணம் என்றோம். புகை விலகிய பின்னும் இருமியவன் யார் என்று பார்த்தோமா?

பெண்பிள்ளை என்றால் நாளை திருமணத்திற்குத் தடையாகுமென மறைப்பவர் உண்டு. இன்ஹேலர் ‘பழகிப் போகும்’ என்ற அச்சம் வேறு. அது பழக்கமாகும் போதைப் பொருளன்று. தடுப்பு இன்ஹேலரின் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேரே நுரையீரலுக்குச் செல்கிறது. மாத்திரையோ மில்லிகிராம் கணக்கில் உடலெங்கும் பரவுகிறது. மாத்திரைக்கு அஞ்சாதவர் இதற்கு அஞ்சுவது விந்தைதான்.

ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் போதும். எத்தனை இரவு இருமல், ஓடியபின் என்ன ஆயிற்று, எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை என இரண்டு வாரம் எழுதுங்கள். கடைசிக் கணக்கை வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டிலிருந்தே தரலாம். கிளினிக்கில் ‘சளி’ என்று சொல்லாமல் அந்தப் புத்தகத்தை நீட்டுங்கள். மூச்சின் வேகத்தை ஊதி அளக்கும் சிறு கருவியால் சோதிக்குமாறும் தயங்காமல் கேளுங்கள்.