வாய்ப் புண்ணுக்குக் காரணம் சூடு அல்ல!

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் இலஞ்சிக்காரர்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உடம்புச் சூடு அருவியோடு போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. இருக்கட்டும்! ஆனால், புற்று நோய்க்கு மருந்து ஏற்றி வீடு திரும்பியவருக்கு வாய் புண்ணானால், "சூடுதான், மணத்தக்காளிக் கீரை கொடுங்கள், அருவிக்கு அழைத்துப் போங்கள்" என்கிறார்களே, அதுதான் ஆபத்து!

இது சூட்டுப் புண் அல்ல. வேகமாக வளரும் செல்களை மருந்து அழிக்கிறது. புற்று நோய் வேகமாக வளர்வது. வாயின் உள்தோலும் அப்படித்தான். மருந்துக்கு வித்தியாசம் தெரியாது. ஏற்றிய 5 முதல் 10 நாட்களில் வாய் எரியும், பிறகு புண்ணாகும். வாயிலோ கழுத்திலோ கதிர் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வரும்.

"உயிர்தானே முக்கியம், வாய்ப் புண் பெரிதா?" என்று கேட்கலாம். பெரிதுதான்! சாப்பாடு இறங்காது. உடம்பு இளைக்கும். சிகிச்சையை நடுவில் நிறுத்த நேரும். கதிர் சிகிச்சை தடைப்பட்டால் நோய் மீண்டும் தலைதூக்க இடம் உண்டு.

இலஞ்சியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகலாம். செங்கோட்டை தாண்டித் திருவனந்தபுரம் போகலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு ஆஸ்பத்திரிக்கும் போகலாம். எங்கே போனாலும், சிகிச்சைக்கு முன்பே பல் டாக்டரிடம் வாயைக் காட்ட வேண்டும். சொத்தைப் பல்லையும் கூரான பல்லையும் அப்போதே சரிசெய்ய வேண்டும். தாடையில் கதிர் வைத்த பிறகு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறுவது கடினம்.

தாய்மார்களே, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி ஆப்பசோடா, அதில் பாதி உப்பு. இதைக் கொண்டு தினமும் நாலைந்து தடவை வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். விழுங்கக் கூடாது. மிருதுவான பிரஷ் வேண்டும், வேப்பங்குச்சி வேண்டாம். வெற்றிலை, புகையிலை கூடவே கூடாது. புளியங்குடி எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்ச காலம் ஜாடியிலேயே இருக்கட்டும்! குழைந்த சாதமும் தயிரும் போதும். கீரையும் கொடுக்கலாம், காரமில்லாமல்.

புளூரோயுராசில் ஊசி போடும்போது 30 நிமிடம் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். குளிர்ச்சியில் வாய்க்கு ரத்தம் குறையும். மருந்தும் குறைவாகவே சேரும். எல்லா மருந்துக்கும் இது ஆகாது. ஆக்சாலிபிளாட்டின் ஏற்றுகிறவர் ஐஸைத் தொடக் கூடாது. டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.

அருவி? வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் அந்தக் கூட்டத்தில் குளிப்பது வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திராமல், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.