மட்டம் தட்டப்பட்ட கடல்

“நீரோட்டத்தை இனி நொடிகளில் கணித்துவிடலாம்” என்று யாராவது பரவசப்பட்டால் நான் கேட்பது ஒன்றுதான்: கடலடித் தரையை என்ன செய்தீங்க?

1969இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கிர்க் பிரையன், உலகக் கடல் முழுவதன் சுழற்சியையும் கணினியில் கணக்கிடும் முறையை வெளியிட்டார். 4,000 மீட்டர் ஆழக் கடலில் நீண்ட அலை நொடிக்குச் சுமார் 200 மீட்டர் ஓடும். நீரோட்டமோ பெரும்பாலும் நொடிக்கு ஒரு மீட்டரைக்கூடத் தாண்டாது. நமக்கு வேண்டியது ஆமை. ஆனால் முயலுக்கு ஈடுகொடுக்கச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்குப் போட்டாகணும். பிரையன் கடல்மேல் கற்பனையாக ஓர் இறுகிய மூடியைப் போட்டார். முயல் காலி. கணக்கு பறந்தது. அன்றைய கணினிக்கு அது மேதைமைதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கணக்குமுறைக்கு மேடுபள்ளம் ஆகாது. செங்குத்துச் சரிவு வந்தால் தடுமாறும். ஒவ்வொரு தீவுக்கும் தனிச் சமன்பாடு வேறு. அப்புறம் என்ன, கடலடி மலைகளை இழைத்து மழுக்கினார்கள். சின்னத் தீவுகளை மூழ்கடித்தார்கள். கோப்பில்தான், இருந்தாலும்!

வேகத்துக்கு இது தவிர்க்கமுடியாத விலை என்பதை நான் ஏற்கமாட்டேன். 1990களின் தொடக்கத்தில் லாஸ் அலமோஸில் ஸ்மித், டுகோவிச், மலோன் மூவரும் மேற்பரப்பு அழுத்தத்தை வைத்துச் சமன்பாட்டையே மாற்றி எழுதினார்கள். எத்தனை தீவு வேண்டுமானாலும் இருக்கலாம், மலையை மழுக்கத் தேவையில்லை. இணைக் கணினியில் வேகமும் கூடியது.

“அடியில இருக்கிற மேடுபள்ளத்துல என்ன வந்துடப்போகுது?” என்பவர்கள் டென்மார்க் நீரிணையைப் பார்க்கட்டும். கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, 600 மீட்டர் சொச்சம் ஆழத்தில் ஒரு வாசற்படி. அதைத் தாண்டித்தான் வடக்கின் குளிர்ந்த கனநீர் அட்லாண்டிக்கின் ஆழத்துக்குக் கொட்டுகிறது. ஐரோப்பாவின் வெப்பத்தோடு தொடர்புடைய பெருஞ்சுழற்சிக்கு அது ஒரு ஊற்று. மாதிரியின் கட்டம் பெரிதாக இருந்தால் அந்த வாசலே காணாமல் போகும். பிறகு கையால் தோண்டி அகலப்படுத்துவார்கள். பிரேசில் படுகையில் 1990களில் அளந்தபோதும், வழவழப்பான தரைக்கு மேல் நீர் அதிகம் கலக்கவில்லை. கரடுமுரடான நடு அட்லாண்டிக் மலைத்தொடருக்கு மேல்தான் பல மடங்கு கலந்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. அது பெரும்பாலும் பாடம் படிப்பது இதே மாதிரிகளின் வெளியீட்டிலிருந்து. வாத்தியார் மழுக்கிய மலை மாணவனுக்கு எப்படித் தெரியும்? அவனும் அதே தப்பை ஆயிரம் மடங்கு வேகத்தில் ஒப்பிப்பான். உலகக் கடலடியில் ஒலியலை கொண்டு நேரடியாக அளந்ததே கால்வாசி சொச்சம்தான். மீதி பெரும்பாலும் செயற்கைக்கோள் தரவிலிருந்து ஊகித்தது. அடுத்த வேக அறிவிப்பு வரும்போது, எந்தக் கணினி, எத்தனை நொடி என்பதோடு எந்த மலையை எவ்வளவு இழைத்தார்கள் என்பதையும் முதல் பக்கத்திலேயே போடட்டும்.