கல்பாக்கம்: கருவி இல்லாத இடத்தில் கசிந்தால் யாருக்குத் தெரியும்?

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ளது கல்பாக்கம் அணுசக்தி வளாகம். அதன் அருகிலேயே புதுப்பட்டினத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் நம் சமுதாய மக்களும் மற்றவர்களும் கலந்து வாழ்கிறார்கள். 2024 மார்ச் 4 அன்று பிரதமர் முன்னிலையில் இங்கு 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில் எரிபொருள் நிரப்பும் பணி தொடங்கியது. அதைக் கொண்டாடியவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. ஆனால் உள்ளே ஏதேனும் கோளாறு ஏற்பட்டால் அது எப்படிக் கண்டுபிடிக்கப்படும் என்பதை இரு தரப்புமே அதிகம் பேசவில்லை.

இந்த உலையைக் குளிர்விப்பது ஆயிரம் டன்னுக்கும் அதிகமான திரவ சோடியம். சோடியம் காற்றுப்பட்டால் எரியும், தண்ணீர்பட்டால் கடுமையாக வினைபுரியும். நீராவிக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் சோடியத்தில் கலந்து ஹைட்ரஜன் உருவாகும். அதனால்தான் சோடியத்தில் ஹைட்ரஜனின் அளவைக் கருவிகள் இடைவிடாமல் அளக்கின்றன. வழக்கமான அளவைவிடச் சற்றே கூடினாலும் கசிவு என்று சந்தேகிக்க வேண்டும். குழாய்களையெல்லாம் மூடிய பிறகும் வீட்டு மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று நாம் கணிக்கிறோம் அல்லவா? அதே கணக்குதான் இதுவும்.

ஆனால் அளந்தால்தான் கணக்கு. 2003 ஜனவரி 21 அன்று இதே வளாகத்திலுள்ள எரிபொருள் மறுசெயலாக்க ஆலையில், குறைந்த கதிர்வீச்சுள்ள கழிவின் மாதிரியை எடுக்க ஊழியர்கள் சென்றார்கள். ஒரு வால்வு பழுதாகி, அங்கே உயர் கதிர்வீச்சுக் கழிவு கலந்திருந்தது. ஆலை தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியும் அந்த இடத்தில் கதிர்வீச்சு அளவியும் இல்லை, வால்வின் பழுதைக் காட்டும் கருவியும் இல்லை. மாதிரியைச் சோதித்த பிறகே விபத்து தெரிந்தது. அதற்குள் ஆறு ஊழியர்கள் அனுமதிக்கப்பட்ட வரம்பைவிடப் பல மடங்கு கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்தார்கள். முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று ஊழியர் சங்கம் கேட்டது. பொதுமக்களுக்கு விஷயம் தெரியவந்தது பல மாதங்கள் கழித்துத்தான்.

ஜப்பானின் மோஞ்சு ஈனுலையும் சோடியத்தில் இயங்கியதுதான். 1995 டிசம்பரில் அங்கே சோடியம் கசிந்து தீப்பிடித்தது. வெப்பநிலையை அளக்கப் பொருத்திய கருவியின் உறையே அதிர்வில் முறிந்ததுதான் காரணம். விபத்தின் வீடியோவை வெட்டிக் காட்டிய நிர்வாகம், மக்களின் நம்பிக்கையை இழந்தது. 2016-ல் அந்த உலையை நிரந்தரமாக மூட முடிவானது.

இந்த இரு நிகழ்வுகளும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. கணினியும் தரவு ஆய்வும் எவ்வளவு முன்னேறினாலும், கருவி வைக்காத இடத்தைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. கருவியும் பழுதாகலாம் என்பதால் அதையும் சோதிக்க வேண்டும். கிடைத்த அளவீட்டை மறைத்தால் அளந்ததே வீண்.

அளப்பவரும் சரிபார்ப்பவரும் ஒருவராக இருப்பதும் சரியல்ல. 2003-ல் விபத்து நடந்த ஆலை பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குச் சொந்தமானது. அம்மையத்தின் ஆலைகள் 2000-ஆம் ஆண்டிலேயே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டு, அம்மையத்தின் சொந்தப் பாதுகாப்புக் குழுவிடம் விடப்பட்டிருந்தன. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட 2012 தணிக்கை அறிக்கையும் வாரியத்துக்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று சுட்டிக்காட்டியது.

அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வதை இஸ்லாம் பெரும் பாவமாகக் கருதுகிறது. கடைத் தராசுக்கு உள்ள அந்த நியதி கதிர்வீச்சு அளவிக்கும் பொருந்தும். மக்களின் உயிர் தொடர்பான அளவீடுகள் நிர்வாகத்திடம் உள்ள அமானிதம்.

எனவே சுற்றுவட்டார ஊராட்சிகளும் ஜமாஅத்துகளும் மற்ற சமுதாய மக்களுடன் சேர்ந்து கேட்க வேண்டியவை மூன்று: ஊர்களில் எடுக்கப்படும் கதிர்வீச்சு அளவீடுகள் மாதந்தோறும் தமிழில் வெளியாக வேண்டும். அவற்றைத் தனி அமைப்பு ஒன்று சரிபார்க்க வேண்டும். கோளாறு ஏற்பட்டால் அன்றே ஊருக்குச் சொல்ல வேண்டும். உலையை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒன்றாக நின்று கேட்கக்கூடிய கோரிக்கைகள் இவை.